ஆழம் கிடக்கட்டும்

"எவ்வளவு ஆழம் வேணும் மேடம்?" என்றார் நீச்சல் தொட்டிக் கடைக்காரர்.

"ஆழம் கிடக்கட்டும். நீளம், அகலம் சொல்லுங்க" என்றாள் மனைவி.

கணவருக்குத் தலை சுற்றியது. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். இருவருக்கும் நீச்சல் தெரியாது. இவளுக்கு எங்கிருந்து வந்தது இந்த ஆசை?

"அந்த வட்டத் தொட்டி அடக்கமா இருக்கே, அது போதாதா?" என்றார் மெதுவாக.

"வட்டம் வாங்கினா நாலு மூலையும் சும்மாக் கிடக்குமே!"

கடைக்காரர் இவரைப் பரிதாபமாகப் பார்த்தார். இவர் பர்ஸை எடுத்தார்.

மறுநாள், தோட்டத்தை மதிலுக்கு மதில் அடைத்துக்கொண்டு நின்றது நீலத் தொட்டி. அவர் ஆசையாக வளர்த்த ரோஜாச் செடிகள் போன இடம் தெரியவில்லை.

"போட்டோ எடுத்து உங்க தம்பிக்கு அனுப்புங்க" என்றாள் மனைவி.

"அவனுக்கு எதுக்கும்மா?"

"தோட்டத்துல ரெண்டு ரூம் கட்டிக் குடும்பத்தோட குடிவரேன்னாரே, இனி எங்க கட்டுவாராம்? முடியாதுன்னு சொல்ல உங்களுக்குத்தான் வாய் வராது. தொட்டியாவது சொல்லட்டும்!"

இதற்குத்தானா! அவர் படத்தை அனுப்பினார். உடனே போன் அடித்தது. மனைவி ஆவலோடு ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"அண்ணே! போட்டோவப் பாத்ததுலேர்ந்து பசங்க ஒரே குதி. ரூம் கட்டுற வரைக்கும் பொறுக்க மாட்டாங்களாம். உங்க மாடி ரூமே எங்களுக்குப் போதும், ஞாயித்துக்கிழமையே வந்துடறோம். அண்ணிக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு!"

மனைவி 'முடியாதுன்னு சொல்லுங்க' என்று கையை ஆட்டினாள். அவரும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

"வாங்கப்பா" என்றுதான் வந்தது.