புது அட்டைகள்

2023 ஏப்ரல் 26, சிவகாசி. தனியார் பள்ளி ஒன்றில் ஒன்றாம் வகுப்புச் சேர்க்கை நடந்தது.

அப்பா, சொல் அச்சடித்த முதல் அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

பால்.

மகள் சண்மதி அட்டையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அட்டையை வாங்கிப் பின்பக்கம் திருப்பினாள்.



மேசைக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியை காத்திருந்தார். தொலைபேசியில் அவர் ஒன்றுதான் சொல்லியிருந்தார். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை என்றாலும், நாலு வார்த்தை வாசித்தால் சேர்த்துக்கொள்ளலாம்.

அதற்காகத்தான் புது அட்டைகள். அப்பா வேலை பார்க்கும் அச்சகத்திலேயே, சிவப்பு மையில், பெரிய எழுத்தில் அடித்தவை. "என்னண்ணே, காலண்டர் தொழில்ல எறங்கிட்டீகளா?" என்று கூட வேலை செய்பவன் கேலி செய்தான். வீட்டில் இருந்தவை அவர் கையால் எழுதியவை. ஒரு வருடம் புழங்கி அழுக்கேறிவிட்டன.

"சொல்லுடா தங்கம். வீட்ல சொல்லுவேல்ல?"

அவள் அட்டையின் மூலையை நகத்தால் சுரண்டினாள். எதையோ தேடுவதுபோல.

அம்மா. பூனை. பஸ்.

எதற்கும் வாய் திறக்கவில்லை.

தலைமையாசிரியை பேனாவை மூடினார்.

"மேடம், ஒரு நிமிஷம்."

பையின் அடியில் பழைய அட்டைகளையும் மனைவி போட்டு அனுப்பியிருந்தாள். ஒன்றை உருவி நீட்டினார்.

"பாலு!"

சண்மதி கத்தியே விட்டாள்.

அவளுடைய விரல் சொல்லின் மேல் இல்லை. அதற்குக் கீழே, தேநீர்க் கறையின் மேல் இருந்தது.

"ம்மா!"

விரல் கிழிந்த மூலையில்.

"பூன!"

விரல், அவளே எப்போதோ கடித்துவைத்த பல்தடத்தில்.

ஒரு வருடமாக ஒவ்வொரு சொல்லுக்கும் அவர் அவள் முகத்தைப் பார்த்துப் பூரித்திருக்கிறார். விரலைப் பார்த்ததில்லை.

தலைமையாசிரியையும் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட, வாசிக்கிறாளே! புது அட்டையப் பாத்ததும் மெரண்டுட்டா போல. அப்படித்தான சார்?"

பழைய பஸ் அட்டை அப்பாவின் கையில் இருந்தது. அதைக் காட்டவில்லை.

"ஆமா மேடம்."

பேனா மறுபடி திறந்தது.

சாயங்காலம் வீட்டில், பால் அட்டையின் கறையைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு மகளிடம் நீட்டினார்.

அவள் சிரித்துக்கொண்டே அவருடைய விரலை விலக்கினாள்.

"பாலு."

அடுப்படியில் மனைவி தன் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"யாரு சிபாரிசும் இல்லக்கா. எம் புள்ள வாசிச்சுக் காட்டியில்ல சேந்திருக்கா!"

அவர் அட்டையை மற்றவற்றோடு சேர்த்து வைத்தார். 

ஜூனில் பள்ளி திறந்தது. வகுப்பாசிரியை கரும்பலகையில் எழுதினார். பிள்ளைகள் சேர்ந்து வாசித்தார்கள். சண்மதியின் கண் எழுத்துகளுக்குக் கீழே ஒரு கறையைத் தேடியது.