பிங்கோவின் தும்மல்

இரண்டு நாளாக வீட்டு நாய் பிங்கோ, கோமளாவின் அக்குளையே முகர்ந்துகொண்டிருந்தது. அது மோப்பம் பிடிக்கிற நோயையெல்லாம் அதன் கழுத்துப்பட்டை உடனே இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லிவிடும். சொன்னால் மறுநாளே பாலிசி ரத்து.

"என் கையால சோறு தின்னுட்டு என்னையே காட்டிக்குடுப்பியா?" என்று முனகியபடி, பெருங்காயத்தூளை மஞ்சளாகக் குழைத்து அக்குளில் அப்பிக்கொண்டாள். பிங்கோ வந்து முகர்ந்தது. தும்மிவிட்டு விலகிப்போனது. அப்பாடா!

கூடத்தில் கணவன் சேது அதை வாரி மடியில் வைத்துக்கொண்டான். அவன் வயிற்றை முகர்ந்ததும் பிங்கோ மறுபடியும் தும்மியது.

"சளி பிடிச்சிருக்கு போலடி" என்றான் அவசரமாக.

கோமளா உற்றுப் பார்த்தாள். அடுப்படிப் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷனின் பனியனில், வயிற்றருகே, அதே மஞ்சள் கறை.