சொட்டாத கார்புரேட்டர்

"தொழில் தெரியலன்னா கடையை மூடிட்டுப் போக வேண்டியதுதானே அண்ணே? எதுக்கு எங்கப்பா உசுரை எடுக்குறீங்க?"

தையல்காரி, பைக் ஒர்க்‌ஷாப் வாசல்ல நின்னு போட்ட சத்தத்துல, எதிர் சலூன்ல பாதி மூஞ்சிக்குச் சோப்பு போட்டிருந்த ஆளுகூட எட்டிப் பார்த்தாரு.

பின்ன என்ன? அந்தத் தெருவுல மெக்கானிக்குக்குப் பேரே 'வாய்'. ஸ்பானர் சுத்துறதுக்கு முன்னாடி அவர் வாய் சுத்தும். "ஒழுகுற வண்டி எதுவா இருந்தாலும் கொண்டா, கண்ணீரைத் தவிர எல்லாத்தையும் நிறுத்துவேன்"னு சவடால். அப்பேர்ப்பட்டவர், அவ அப்பாகிட்ட கையை விரிச்சிட்டாரு.

அப்பா பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். அந்தப் பழைய ரெட்டை சிலிண்டர் வண்டிதான் அவருக்கு மூத்த புள்ள. மக ரெண்டாவது. அதை அவளே சொல்லிச் சிரிப்பா. பேத்தியைப் பின்னாடி உட்கார வெச்சு ஸ்கூல்ல விட்டுட்டு வந்தாத்தான் அவருக்குப் பொழுதே விடியும்.

அந்த வண்டியிலதான் பெட்ரோல் ஒழுக ஆரம்பிச்சுது. காலையில எடுக்கும்போதெல்லாம் கார்புரேட்டர்ல இருந்து வழியும். வாசல் பூரா நாத்தம். மெக்கானிக் 'வாய்' கார்புரேட்டரோட மிதவையை மாத்தினாரு, ஊசியை மாத்தினாரு, வாஷரை மாத்தினாரு. மறுநாளே திரும்ப ஒழுகும்.

கடைசியில, "ஐயா, ரெண்டு கார்புரேட்டரும் தேஞ்சே போச்சு. புதுசு எங்கயும் கிடைக்காது. இனிமே இதை எடுக்காதீங்க"ன்னுட்டாரு.

"நீயெல்லாம் ஒரு மெக்கானிக்கா?"ன்னு தெருவே கேக்குற மாதிரி கத்திட்டு, நடந்தே வீட்டுக்கு வந்து சுவத்தைப் பார்த்துப் படுத்தவர்தான் அப்பா. சரியாச் சாப்பாடும் இல்ல, பேச்சும் இல்ல.

"வண்டியைக் குடுங்க. வேற கடையில பார்த்துக்கறேன்."

"எங்க போனாலும் இதே கதைதான் தங்கச்சி. விட்டுடு."

"உங்களுக்குத் தெரியலன்னா ஊருக்கே தெரியாதா?"

ஸ்டாண்டை எடுக்கக் குனிஞ்சவ அப்படியே நின்னுட்டா. இன்ஜினுக்கு அடியில ஒரு பேப்பர் விரிச்சிருந்தது.

"இது எதுக்கு?"

"அது... ஒழுகுதான்னு பார்க்க. வண்டி வந்த அன்னிக்கே விரிச்சேன்."

"பெட்ரோல் குழாயும் திறந்துதான் இருக்கு. பேப்பர்ல ஒரு சொட்டுகூட இல்லையே! ஒழுகாத வண்டியை ஒழுகுதுன்னு சொல்லி, அடிமாட்டு விலைக்கு அமுக்கப் பார்க்குறீங்களா?"

வாய்க்கு வாயடைச்சுப் போச்சு. சலூன் பக்கம் ஒரு பார்வை பார்த்துட்டுக் குரலைத் தாழ்த்தினாரு.

"கிட்ட வா. கார்புரேட்டர் மேல இருக்குற இந்தச் சின்னப் பட்டனைப் பாரு. குளிர்ந்து கெடக்குற இன்ஜினை ஸ்டார்ட் பண்ணணும்னா, முதல்ல இதை அமுக்கணும். பெட்ரோல் மேல ஏறி விரல் நுனியை நனைக்கும். நனைஞ்சதும் கையை எடுத்துடணும். இதெல்லாம் உங்கப்பாவுக்கு அத்துப்படி."

"அதனால?"

"எங்க ஒழுகுதுன்னு பார்க்கறேன், நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்கய்யான்னேன். அமுக்கினாரு. விரல் நனைஞ்சுது. மணிக்கட்டு வரைக்கும் வழிஞ்சுது. அவர் பாட்டுக்கு என்கிட்டப் பேசிக்கிட்டே அமுக்கிட்டிருந்தாரு."

அவளுக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆச்சு.

"அந்தக் கையில உணர்ச்சி இல்லம்மா. ஈரமே தெரியல. பிரேக் புடிக்கறதும் அதே கைதான். பின்னாடி உன் புள்ள."

அவ பக்கத்துல கெடந்த டயர் மேல உட்கார்ந்துட்டா.

"அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே அண்ணே?"

"பஸ் நெறைய ஜனத்தை வெச்சு ஓட்டின கை. அது போச்சுன்னு எந்த வாயால சொல்ல? கார்புரேட்டர் போச்சுன்னு சொல்லிட்டேன். கார்புரேட்டருக்கு ரோஷம் கெடையாது. நீ ஏதாவது சாக்குச் சொல்லி டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ."

"தெருவே உங்களைப் பார்த்துச் சிரிக்குதே!"

"சிரிக்கட்டும். இத்தனை நாள் என் பேச்சைச் சகிச்சவங்க, கொஞ்சமாவது சிரிக்க வேணாமா?"

வெளிய வந்தா, சலூன்காரர் குரல் குடுத்தாரு. "என்னம்மா, ஒழுக்கு நின்னுச்சா?"

"இல்லண்ணே," அவ தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னா, "அவருக்குத் தெரியலையாம்."

வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் அப்பா எழுந்து உட்கார்ந்தாரு.

"அவன்கிட்டப் போயி சண்டை போட்டியா?"

"ஆமாப்பா. வண்டி தேறாதாம். கார்புரேட்டரு..." அவ கண்ணு அவரோட வலது கையில போய் நின்னுது.

அப்பா அவ மூஞ்சியையே பார்த்தாரு. அப்புறம் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாரு.

"சொல்லிட்டானா?"

அவ அந்தக் கையைப் புடிச்சுக்கிட்டா.

"வயசானா விரல் மரத்துப் போகும்னு நெனச்சிட்டிருந்தேன்மா. அன்னிக்கு அவன் என் கையையே பார்த்துட்டு நின்னான். அப்புறம் தலையைக் குனிஞ்சுக்கிட்டு, கார்புரேட்டர் தேஞ்சிடுச்சுங்கறான். அவன் தலை குனிஞ்சு நான் பார்த்ததே இல்ல. என்னடான்னு கீழ பார்த்தா, என் சட்டைக் கை நுனி பூரா பெட்ரோல்."

"தெரிஞ்சுமாப்பா அவரை அப்படித் திட்டினீங்க?"

"திட்டலன்னா, அவன் சொன்ன கார்புரேட்டர் கதையை நான் நம்பலன்னு கண்டுபுடிச்சிருப்பானே."

உள்ளே பேத்தி ஏதோ பாடத்தைச் சத்தமாப் படிச்சுக்கிட்டிருந்தா.

"நாளைக்கே டாக்டர்கிட்டப் போவோம். ஆனா அவன்கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாத. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, பாவம், எனக்காக அவன் பட்ட அவமானம் வீணாப் போயிடும்."