ஆஷாடமும் அந்தமானும்

அந்தமானுக்கு டிக்கெட் போட்டாச்சு என்றதும் துள்ளிக் குதித்தது புதுப்பெண் ரூபா அல்ல. சுந்தரம்மாதான்.

"இன்னும் நாலு டிக்கெட் சேத்துப் போடுடா. அவரு, நானு, பொண்ணு, மாப்பிள்ளை."

ஜெயபிரகாஷ் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கினான். சுந்தரம்மா அவன் அப்பாவின் அக்கா. நகரியில் அவன் கல்யாணத்தை முன்னால் நின்று நடத்தி வைத்தவள். அவளிடம் போய் இது ஹனிமூன் என்று எந்த வாயால் சொல்வது?

"தனித்தனி ரூம் எதுக்கு? பெருசா ஒரே ரூமா போட்டுடு. ராத்திரியெல்லாம் பேசிக்கினு இருக்கலாம்."

ரூபா புருஷனைப் பார்த்தாள். அவன் அப்பாவைப் பார்த்தான். "நைனா, நீயாவது சொல்லேன்."

வெங்கடரமணன், தறியில் நூல் அறுந்த மாதிரி இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார். அக்கா முன்னால் அவருக்கு எப்போதும் ஏதாவது நூல் அறுந்துவிடும்.

சரி, மாமியார் தாட்சாயணியாவது வாயைத் திறப்பாள் என்று ரூபா பார்த்தால், அவள் பழங்கதைக்குப் போய்விட்டாள்.

"எங்களுக்கு ராமேஸ்வரம். அதுவும் தீவுதானே? ஒரே வேன்ல குடும்பம் மொத்தமும். ஆம்பளைங்க முன்னாடி, நாங்க பின்னாடி. வழியெல்லாம் பாட்டு, புளிசோறு. சத்திரத்துலயும் அவங்களுக்கு ஒரு ஹாலு, எங்களுக்கு ஒரு ஹாலு. எனக்கு இந்தப் பக்கம் மாமியாரு, அந்தப் பக்கம் அண்ணி."

"பாம்பன் பாலத்துல பயந்துபோய் என் கையைப் புடிச்சிக்கினாளே!" சுந்தரம்மா தொடையைத் தட்டிச் சிரித்தாள்.

"ஆமா அண்ணி. உங்க கையைத்தான் புடிச்சேன்." தாட்சாயணியும் சிரித்தாள். இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அந்த ஊர்க் காற்று முகத்தில் படுகிற மாதிரி முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள்.

மறுநாள் காலை, சுந்தரம்மா வழிக்கு முறுக்கு சுட்டு எடுத்துக்கொண்டு வந்தபோது, தாட்சாயணி குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"யாரும் எங்கயும் போவ வேணாம். ஆஷாடம் பொறக்குது. ரூபா அவங்க அம்மா வீட்டுக்குப் போவட்டும்."

புதுசாகக் கல்யாணமானவர்கள் ஆஷாடத்தில் சேர்ந்திருக்கக் கூடாது என்பது தெலுங்கு வீடுகளின் வழக்கம். தமிழ் வீடுகளில் அதையே ஆடியில் பார்ப்பார்கள். ஆஷாடம் ஆடிக்கு முன்னாலேயே வந்துவிடும்.

"அது தெலுங்குக்காரங்களுக்கும்மா. நமக்கு ஆடிதானே?" என்றான் ஜெயபிரகாஷ்.

"சித்தூர் ஜில்லாவுல இருந்துக்கினு ஆஷாடம் பாக்க மாட்டேன்னா எப்படி? அதையும் பாக்கணும், ஆடியையும் பாக்கணும்."

"கம்பெனியில இந்த ஒரு வாரம்தாம்மா லீவு. விட்டா அடுத்த வருசம்தான்."

"அடுத்த வருசம் போ. தீவு எங்க ஓடிடப் போவுது? டிக்கெட்டை கேன்சல் பண்ணு."

ரூபாவுக்குக் கண்ணில் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. எல்லார் முன்னாலும் அழுதாள்.

"அழாத கண்ணு. பெரியவங்க சும்மாவா வெச்சிருக்காங்க?" சுந்தரம்மா அவள் முதுகைத் தடவினாள். "அடுத்த வருசம் எல்லாரும் ஒண்ணா போலாம்." முறுக்கை அங்கேயே பிரித்து ஆளுக்கு இரண்டாகக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள்.

தனக்குக் கிடைக்காதது மருமகளுக்கும் கிடைக்கக் கூடாது என்கிற மாமியார் புத்தி. நீங்களும் நானும் நினைப்பதைத்தான் ரூபாவும் நினைத்தாள்.

சத்தியவேட்டில் இருக்கும் அம்மா வீட்டுக்கு, தானே கொண்டுபோய் விடுவதாகச் சொல்லி தாட்சாயணி அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பஸ்ஸில் ரூபா முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். புத்தூரில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும்.

சத்தியவேடு பஸ் வந்தது. தாட்சாயணி அதை விட்டுவிட்டு, பக்கத்தில் நின்ற சென்னை பஸ்ஸைக் காட்டினாள். "அதுல ஏறு."

ஜன்னலோரம் ஜெயபிரகாஷ் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான், ஊருக்குப் போகிற பைகளோடு.

"விடிஞ்சா பிளேன். டிக்கெட்டை கேன்சல் பண்ணாதேன்னு அப்புறமா தனியா கூப்ட்டு சொல்லிட்டேன்."

"அத்தே! அப்ப ஆஷாடம்?"

"நமக்கு ஏது ஆஷாடம்? ஆடி பொறக்கறதுக்குள்ள வந்துடுவீங்க. அதுவரைக்கும் அண்ணி கணக்குல நீ சத்தியவேட்டுல இருக்கே, அவன் கம்பெனியில இருக்கான். உங்க அம்மாகிட்டயும் பேசிட்டேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொல்லியிருந்தா அழுதிருப்பியா? நீ அழுததைப் பாத்துத்தான் அண்ணி நம்பினாங்க. பாவம், அவங்களுக்கு மனசுல கள்ளம் கிடையாது. பாசம்தான். அந்தப் பாசத்தை நிறுத்த ஆஷாடம்தான் வந்து நிக்கணும்."

ரூபா அங்கேயே அத்தையின் காலில் விழப் போனாள். "போ போ, சீட்டு போயிடும்" என்று அவளைப் பிடித்துத் தள்ளினாள் தாட்சாயணி.

கண்டக்டர் விசில் ஊதினார். தாட்சாயணி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"ராமேஸ்வரத்துல ஒரு நாள் சாயங்காலம், கடலோரமா நின்னுக்கினு இருந்தேன். உங்க மாமா வந்து சுண்டல் பொட்டலத்தைக் கையில குடுத்து 'துன்னு'ன்னாரு. அப்புறம் என்னமோ சொல்ல வாயைத் தொறந்தாரு. அதுக்குள்ள அண்ணி வந்துட்டாங்க."

"என்ன சொல்ல வந்தாரு அத்தே?"

பஸ் நகர்ந்தது. தாட்சாயணி கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

"இன்னிய வரைக்கும் தெரியாதுடி. ஊருக்கு வந்து கேட்டேன், மறந்துட்டேன்னுட்டாரு."