கயிற்றுக்கு அப்பால் ஒரு தாழி

மாலியா அரண்மனையின் இடிந்த சுவர்களில் உச்சிவெயில் கண்ணைக் கூசவைக்கிறது. பார்வை போன கிழவி கரிஃபாலியா மட்டும் வெயிலுக்கே முகத்தைக் காட்டி நிற்கிறாள். பக்கத்து ஊர்க்காரி. "எதிர்ல என்ன இருக்கு?" "கல்லு," என்கிறார் அவள் கணவர் மனூசோஸ். "அந்தப் பக்கம்?" "அதுவும் கல்லுதான்." "நல்லா சொன்ன போ." தடுப்புக் கயிற்றைத் தாண்டி, கை நீட்டித் துழாவுகிறாள்; ஆளுயரத் தாழி தட்டுப்படுகிறது. காவலாளியான நான் விசிலை வாயில் வைக்கிறேன், ஊத முடியவில்லை. சில்வண்டுகளின் இரைச்சலுக்கு நடுவே, தாழியின் புடைத்த வேலைப்பாட்டில் அவள் விரல்கள் மெல்ல ஊர்கின்றன. "கல்யாணமான புதுசுலேருந்து கூட்டிட்டுப் போன்னு கேட்டேன். எங்க போயிடப் போகுது, பாத்துக்கலாம்னே. நிஜந்தான் மனூசோஸ், இங்கயேதான் இருக்கு." மனூசோஸ் தொப்பியைக் கழற்றி, அவள் கண்களில் விழும் வெயிலை மறைத்துப் பிடிக்கிறார்.