யானைக்குப் பேர் வைத்தவர்

"கதை சொல்ற ஹெட்போன் எல்லாம் எதுக்கு பிரதர்? நான் இருக்கேன்ல" என்றார் என் வீட்டுக்காரர் கிளிஃபர்ட், அரண்மனை வாசலில்.



மனுஷன் பக்கத்து ரிச்சர்ட்ஸ் டவுனில் பிறந்து வளர்ந்தவர். ஐம்பத்தெட்டு வருஷமாக இந்த அரண்மனை வழியாகப் போய் வருகிறார். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. மைதானத்தில் எக்ஸிபிஷன் போட்டால் மிளகாய் பஜ்ஜி தின்னப் போவார், அவ்வளவுதான்.

வந்திருப்பவரோ தியோடர். எங்கள் டீனாவுக்குப் பிடித்துப்போன நீலின் அப்பா. பெண் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கிறார். இன்னும் யாரும் யாரையும் சம்பந்தி என்று கூப்பிடவில்லை. போனிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "வரதட்சணை ஒண்ணும் வேண்டாம். பொய் சொல்லாத குடும்பமா இருந்தா போதும்."

உள்ளே போனதும் கிளிஃபர்ட் ஆரம்பித்தார்.

"இந்தப் படத்துல ராஜா ஏன் முறைக்கிறார் தெரியுமா? வரையற அன்னிக்கு அவருக்குப் பல்வலி."

தியோடர் சட்டைப் பையிலிருந்து குட்டி நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

முற்றத்தில் டைல்ஸ் பதித்த பெஞ்ச். "இதுலதான் மகாராணி மாங்கா ஊறுகா காயவைப்பாங்க."

அதையும் எழுதினார்.

நான் கிளிஃபர்டின் முழங்கையைக் கிள்ளினேன். "வாயை மூடுங்க."

"சும்மா இருடி. மனுஷன் ஆசையா கேக்கறாரு."

ஹெட்போன் மாட்டியிருந்த டீனா, அப்பா வாயைத் திறந்தபோதெல்லாம் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சுவரில் பெரிய யானைத் தலை.

"ராஜாவோட செல்ல யானை. அவர் கையால ஊட்டினாத்தான் சாப்பிடும்."

"பேரு?" என்றார் தியோடர், பேனாவோடு.

"அது வந்து... ரோஸி."

ரோஸி, போன வருஷம் செத்துப்போன எங்கள் வீட்டு நாய்.

வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்தோம். தியோடர் நோட்டை முதலிலிருந்து புரட்டிப் படித்தார். கல்யாணம் போச்சு என்றே நினைத்தேன். டீனாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

"அண்ணா, மன்னிச்சுடுங்க. இவர் சொன்னது அத்தனையும் புளுகு. இவரே இன்னிக்குத்தான் முதல் தடவையா உள்ள போறாரு."

"தெரியும்மா. முதல் ரூம்லயே தெரிஞ்சுபோச்சு."

கிளிஃபர்ட் குனிந்து தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சும் ஏண்ணா எழுதினீங்க?"

தியோடர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ரிட்டயர் ஆனதுல இருந்து எங்க ஊர் ஜமீன் அரண்மனையில நான்தான் கைடு. ஆறு வருஷமா ஒரே புளுகைத் திருப்பித் திருப்பிச் சொல்லி எனக்கே சலிச்சுப்போச்சு."

பிறகு கிளிஃபர்ட் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"அங்கயும் ஒரு யானைத் தலை இருக்கு சம்பந்தி. ரோஸின்னே சொல்லிக்கட்டுமா?"