நெடி இல்லாத சரக்கு

"நாளைக்குக் காப்பித்தூளை மாத்து. வாசமே இல்லை" என்று மனைவி கலாமணியிடம் சிடுசிடுத்துவிட்டுத்தான் திருச்செங்கோட்டுப் பட்டறைக்கு வந்தார் சென்னியப்பன்.

ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிப் பாகங்களின் எண்ணெய்ப்பிசுக்கைக் கழுவ, உடம்பைக் கெடுக்காத புதுத் திரவம் விற்க வந்திருந்தாள் மதுமதி.

"இருபது வருசமா பெயிண்ட் தின்னர்லதானுங்க கழுவறோம். மொதல்ல நெடி மண்டையைப் பொளக்கும். இப்பப் பழகிப்போச்சுங்க" என்றவர், மேசையில் இருந்த கிண்ணத்தை எடுத்து முகர்ந்தார். "அட, உங்க சரக்குல நெடியே இல்லீங்களே! இதையே அனுப்புங்க."

துப்பட்டாவால் மூக்கைப் பொத்தியிருந்த மதுமதி தயங்கினாள்.

"அது உங்க தின்னருங்க. ஒப்பிட்டுக் காட்ட ஊத்தி வெச்சேன். என் டப்பாவை இன்னும் திறக்கவே இல்லீங்க."

சென்னியப்பன் மறுபடி முகர்ந்து பார்த்தார். பிறகு கலாமணிக்குப் போன் போட்டார்.

"காப்பித்தூளை மாத்த வேண்டாம் சாமி. அதுல ஒரு குத்தமும் இல்லை."